வால்வு எண் பதினேழு

தேசராணி கிள்ளைக்காரி.
கழிமுகத்து வீட்டிலிருந்து
தாசம்பட்டிக்கு வாழவந்த முதல் மாதம்
"இங்க நண்டு எங்க கிடைக்கும்?" என்றாள்.
நகைக்கடை கேட்டிருந்தால்
பஸ் நம்பர் சொல்லியிருப்பேன்.

ஒகேனக்கல் போனோம்.
பாறை இடுக்கில் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது.
நண்டு எங்கே என்று கேட்டதற்குப் பரிசல்காரர்
எல்லாத் திசையையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டினார்.
திரும்பும் பஸ்ஸில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்:
"எங்க ஊர்லயும் இப்படித்தான்.
நல்ல இடம் தெரிஞ்சவன் கை
காத்தாடி மாதிரி சுத்தும்."

ஏரி? பங்குனியில் மாடு மேயும்.
கிணறு? எண்ணூறு அடி போர்.
அவ்வளவு ஆழத்துக்கு நண்டு குடிபோகாது.

தண்ணீரை அவள் தேடவேயில்லை.
வந்து வந்து போகும் இடத்தைத் தேடினாள்.
"நின்ன தண்ணியில நண்டு சோம்பேறி.
ஏத்த வெள்ளம் திரும்பி
வத்த வெள்ளம் ஆகும் பாரு, அந்தக் கால்மணி,
அப்பத்தான் வங்குக்கு வெளியே வந்து
வாசல் கூட்டும்."

இது மேட்டு நிலம், ராணி.
இங்கே தண்ணீர் ஏறுவது
மோட்டார் போட்டால்தான்.

சொன்ன பிறகுதான்
சொன்னது எனக்கே கேட்டது.

நான் கூட்டுக்குடிநீர்க் குழாய் லைன்மேன். ஒப்பந்தம்.
காவிரியை இரும்புக்குள் அடைத்து
மலையேற்றுகிற வேலையில்
திறப்பதற்கும் மூடுவதற்கும் எனக்குச் சம்பளம்.
நாலரைக்குத் திறப்பேன். எட்டுக்கு மூடுவேன்.
பதினேழாம் வால்வில் கேஸ்கட் போய்
எட்டு மாதம்.

வற்றிய ஓடையோரம் தொட்டி.
சீமைக்கருவேல வேர்வரை சேறு.
சேறெல்லாம் வாசல்.
"உருண்டை மண் ஈரமா இருந்தா ஆள் வீட்ல.
காய்ஞ்சு சிலந்தி கட்டியிருந்தா
வாடகைக்கு."

எட்டு மணிக்குச் சக்கரத்தைத் திருகினேன்.
சீறல் தணிந்து சொட்டாயிற்று.
பேசாதே என்று கையைக் காட்டினாள்.
முதலில் இரண்டு கண்கள்,
குச்சியில் குத்திய கடுகு.
அப்புறம் கொடுக்கு.

ஏழு.
ஒன்றின் வயிற்று மடிப்பை விலக்கியவள்
அப்படியே நின்றுவிட்டாள்.
உள்ளே மிளகைவிடச் சின்னக் குஞ்சுகள்,
கொடுக்கு உட்பட முழு நண்டாக.
அவள் ஊர் நண்டு
பொரித்ததைக் கடலோடு விட்டுவிடுமாம்.
"இது இடுப்புலயே வச்சு வளர்க்குதே."
வங்கு வாயில் இறக்கி விட்டாள்.
அது போகிற போக்கில்
அவள் சுண்டுவிரலைக் கவ்விவிட்டுப் போயிற்று.

ஆறு நண்டுக் குழம்பு, மிளகு தூக்கலாய்.
களியை மெல்லாமல் விழுங்க
அவளுக்கு இன்னும் வரவில்லை.
ஓட்டுக்குள்ளிருந்து உறிஞ்ச எனக்கும்.

வெள்ளிக்கிழமை பொறியாளர் போன்:
"தீர்த்தகிரி, பதினேழு ஒழுகுதாம்.
எவனோ போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கான்."
மாற்றினேன். நாலு நட்டு, புது ரப்பர்.
அன்றைக்குத்தான் காலனியின் கடைசிக் குடத்துக்கும்
தண்ணீர் போனது. அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் சேறு வெடித்தது.
வாசலில் உருண்டை இல்லை.

கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை அவள்.
விளக்கணைத்த பிறகு,
"உன் லைன்ல மொத்தம் எத்தனை வால்வு?"
"அறுபத்திரண்டு."
"ஒழுகுறது?"

ஆபீஸ் ரிஜிஸ்டரில் நாலு.
போன் வெளிச்சத்தில்
என் சட்டைப்பை நோட்டைப் பிரித்தேன்.
துணி சுற்றிய சுண்டுவிரல்
ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது,
பக்கவாட்டில் ஊர்ந்து.